கரண்ட் போனா தண்ணி எங்க போகும்? மதுரையில ஒரு கடல் தொட்டிக்கு சம்ப் கட்டுறது

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோட்ல கடல் மீன் தொட்டிக்கு உப்புத் தண்ணி எப்படிக் கலக்குறதுன்னு பேசினோம். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: "சம்ப் கட்டாயமா? அதுக்குள்ள ரெஃப்யூஜியம்னு ஒண்ணு சொல்றாங்களே, அது எதுக்கு?" இன்னைக்கு அது மட்டும்தான்.

சம்ப்ங்கிற வார்த்தையே நமக்குப் புதுசு இல்ல. நம்ம வீட்டு வாசல்ல தரைக்கு அடியில கார்ப்பரேஷன் தண்ணி வந்து விழுற தொட்டி இருக்குல்ல, அதே பேருதான், அதே வேலைதான். கீழ ஒரு தொட்டி, மேல ஒரு தொட்டி, நடுவுல ஒரு மோட்டார். வித்தியாசம் என்னன்னா, வீட்டுல மேல்தொட்டி நிரம்பினா மோட்டாரை ஆஃப் பண்ணிடுவோம். இங்க மோட்டார் ஆஃப் ஆகவே ஆகாது. ஹால்ல இருக்கிற தொட்டியில தண்ணி நிரம்பி, ஓரத்துல சீப்பு மாதிரி பல் வெட்டின ஒரு தடுப்பு வழியா வழிஞ்சு, குழாய்ல கீழ இறங்கும். கேபினெட்டுக்குள்ள இருக்கிற சம்ப்ல சுத்தமாகி, பம்ப் வழியா திரும்ப மேல ஏறும். இருபத்திநாலு மணி நேரமும் இதே சுத்துதான்.

இணையத்துல சம்ப் டிசைன் தேடினா ஆயிரம் படம் வரும். பெரும்பாலும் கரண்ட்டே போகாத ஊர்ல இருந்து போட்டது. நாம மதுரையில இருக்கோம். 'மாதாந்திரப் பராமரிப்பு காரணமாக நாளை மின்தடை'ன்னு பேப்பர்ல ஏரியா பேரோட வரும். அது போக கோடை மழையில ஒரு காத்து அடிச்சா போதும். அதனால நம்ம சம்ப்போட முதல் கோட்டை, கரண்ட் போற அந்த நொடியில இருந்துதான் வரையணும். பம்ப் நின்ன உடனே மேல இருக்கிற தண்ணி கீழ இறங்கும். எவ்வளவு இறங்கும், அதுக்குக் கீழ இடம் இருக்கா? இதுக்குப் பதில் தெரியாம கண்ணாடி வெட்டக் கொடுக்காதீங்க.

கணக்குப் போடுவோம், பயப்படாதீங்க, அஞ்சாங்கிளாஸ் கணக்குதான். நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம் இருக்கிற தொட்டின்னு வெச்சுக்குங்க. சென்டிமீட்டர்ல 122-க்கு 46. பெருக்கினா 5,612. அதாவது அந்தத் தொட்டியில தண்ணி மட்டம் 1 செ.மீ. இறங்கினா 5.6 லிட்டர் கீழ போகுது. ஓடிட்டு இருக்கும்போது சீப்புப் பல்லோட அடியில இருந்து 2 செ.மீ. உயரத்துக்குத் தண்ணி நிக்கும். கரண்ட் போனா அந்த 2 செ.மீ. முழுசா வழியும்: 11 லிட்டர். குழாய்லயும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலயும் மிச்சம் இருக்கிறது ஒரு மூணு நாலு லிட்டர். மொத்தம் 15. இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல.

பெரிய விஷயம் இன்னொரு பக்கம் இருக்கு. பம்ப்ல இருந்து மேல ஏறுற குழாயோட வாய், அதாவது ரிட்டர்ன் நாசில், தண்ணிக்குள்ள முங்கி இருக்கும். பம்ப் நின்னா அதே குழாய் சைஃபனா மாறி, தண்ணியைப் பின்னாடி இழுக்க ஆரம்பிக்கும். டியூப் போட்டு கேன்ல இருந்து தண்ணி உறிஞ்சுவோம்ல, அதேதான். நாசில் வாய்க்குக் காத்து கிடைக்கிற வரைக்கும் இழுக்கும். நாசிலை 15 செ.மீ. ஆழத்துல வெச்சிருந்தா 84 லிட்டர்!

இப்ப கீழ பாருங்க. மூணு அடி சம்ப், 90-க்கு 36, உயரம் 40 செ.மீ. ஓடும்போது 23 செ.மீ. வரைக்கும் தண்ணி. மேல 17 செ.மீ. காலி. அந்தக் காலி இடம் ஏறக்குறைய 55 லிட்டர் பிடிக்கும். 84 வருது, 55 தான் பிடிக்கும். மிச்சம் 29 லிட்டர் உப்புத் தண்ணி உங்க டைல்ஸ் மேல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீடு மூணாவது மாடி. அவர் ஆபீஸ்ல இருந்தப்போ கரண்ட் போயிருக்கு. அவருக்கு முதல்ல போன் பண்ணினது ரெண்டாவது மாடி அக்காதான், "தம்பி, எங்க வீட்டு சீலிங்ல சொட்டுது"ன்னு. கடல் தண்ணிங்கிறதால பிளைவுட் கேபினெட் ஊறி உப்பிப்போச்சு, கீழ இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் போச்சு. மீன் பிழைச்சதே பெருசு.

தீர்வு ரெண்டு. ஒண்ணு, நாசிலைத் தண்ணி மட்டத்துல இருந்து 5 செ.மீ.க்கு மேல இறக்காதீங்க. அப்ப மோசமான நிலைமையிலயும் 28 லிட்டர், குழாய்த் தண்ணியோட சேர்த்து 32. சம்ப் தாங்கும். ரெண்டாவது, அந்தக் குழாய்ல தண்ணி மட்டத்துக்குச் சற்றுக் கீழ ஒரு சின்னத் துளை போடுங்க. மட்டம் அதுக்குக் கீழ இறங்கின உடனே காத்து உள்ள போய் சைஃபன் அறுந்துடும். துளையில பாசி அடைக்கும், நத்தை போய் உக்காரும், அதனால மாசம் ஒரு தடவை குச்சி விட்டுக் குத்தணும். துளை அடைச்சே போனாலும் முதல் தீர்வு காப்பாத்தும்.

"நான்-ரிட்டர்ன் வால்வ் போட்டா போதாதா?"ன்னு பிளம்பர் அண்ணன் கேட்பாரு. வீட்டு மோட்டாருக்கு அது சரி. கடல் தண்ணியில அதுக்குள்ள உப்பும் சுண்ணாம்பும் படிஞ்சு, ஒருநாள் பாதி திறந்த நிலையில நின்னுடும். அதை நம்பி சம்ப் அளவைக் குறைக்காதீங்க.

எல்லாம் கட்டி முடிச்ச பிறகு, மீன் விடுறதுக்கு முன்னாடியே ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்குங்க. தண்ணி ஏறி நிக்கிற இடத்துல மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க. அந்தக் கோட்டுக்கும் சம்ப் விளிம்புக்கும் நடுவுல நாலு விரல் இடமாவது இருக்கணும். இதை மூணு தடவை செஞ்சு பாருங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் போனாலும் நீங்க எந்திரிக்க வேண்டியதில்ல.

இப்ப அறைகள். நான் சொல்றது ஒரு அமைப்பு, வேற மாதிரியும் செய்யலாம். இடது ஓரம் 36 செ.மீ., மேல இருந்து தண்ணி விழுற அறை. ஃபில்டர் துணிப்பையும் புரோட்டீன் ஸ்கிம்மரும் இங்க. வலது ஓரம் 27 செ.மீ., ரெஃப்யூஜியம். நடுவுல 20 செ.மீ., ரிட்டர்ன் பம்ப். இடது அறைக்கும் நடு அறைக்கும் இடையில மிச்ச இடத்துல மூணு கண்ணாடித் தடுப்பு: முதல் தடுப்பு 23 செ.மீ. உயரம், தண்ணி அது மேல ஏறி வழியும். ரெண்டாவது தரையில இருந்து 3 செ.மீ. தூக்கி ஒட்டினது, அதுக்கு அடியில தண்ணி புகுந்து போகும். மூணாவது 21 செ.மீ., திரும்ப மேல ஏறும். இந்த ஏறி இறங்குற பயணத்துல தண்ணியில இருக்கிற காத்துக் குமிழி எல்லாம் மேல போய் உடைஞ்சிடும். இது இல்லேன்னா மேல தொட்டி முழுக்க சோடா பாட்டில் மாதிரி இருக்கும்.

தடுப்புகளுக்கு நடுவுல 2.5 செ.மீ. இடைவெளி விடுங்க. இடம் மிச்சம் பிடிக்கிறேன்னு 1 செ.மீ. விட்டா, அதே தண்ணி ரெண்டரை மடங்கு வேகமாப் போகும், குமிழியையும் இழுத்துட்டுப் போயிடும். முதல் தடுப்போட உயரத்தை உங்க ஸ்கிம்மர்தான் முடிவு பண்ணணும். எவ்வளவு ஆழத் தண்ணியில நிக்கணும்னு அதோட மேனுவல்ல போட்டிருக்கும். ஸ்கிம்மர் வாங்கிட்டு கண்ணாடி வெட்டுங்க, தலைகீழா செய்யாதீங்க.

ஒட்டுறதுக்கு சாதாரண சிலிகோன், வினிகர் வாசம் அடிக்குமே, அது போதும். பூஞ்சை பிடிக்காதுன்னு எழுதின பாத்ரூம் சிலிகோன் வேண்டவே வேண்டாம், அதுல இருக்கிற மருந்து உயிரினங்களுக்கு விஷம். தடுப்புக்கு அக்ரிலிக் மலிவா கிடைக்குதேன்னு யோசிப்பீங்க. சிலிகோன் அக்ரிலிக்கை நல்லாப் பிடிக்காது, ஒருநாள் பேர்ந்து வந்துடும். கண்ணாடியே போடுங்க. ஒட்டி ஒரு வாரம் காயவிட்டு, மாடியில வெச்சு குழாய்த் தண்ணி நிரப்பி ரெண்டு நாள் ஒழுகுதான்னு பாருங்க. அதுக்கும் முன்னாடி கேபினெட் கதவை அளங்க. உள்ள நாலு அடி இடம் இருக்கும், ஆனா ஆசாரி நடுவுல ஒரு கால் கொடுத்திருப்பாரு. சம்ப் உள்ளயே போகாது.

சரி, ரெஃப்யூஜியம். பேரோட அர்த்தமே புகலிடம். மேல தொட்டியில மீன் இருக்கு. மீன் இருந்தா பாசியைக் கொறிக்கும், இறால் குஞ்சு மாதிரி இருக்கிற குட்டி உயிர்களை எல்லாம் தின்னுடும். அந்தக் குட்டிகளும் பாசியும் பயமில்லாம வளர ஒரு தனி அறை கொடுத்தா, பாசி தண்ணியில இருக்கிற நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சாப்பிட்டு வளரும். குட்டி உயிர்கள் பெருகி, வழியுற தண்ணியோட மேல போய் மீனுக்கு இரையாகும். பாசியை வெச்சே கடல் தண்ணியைச் சுத்தம் பண்ணலாம்னு முறையா செஞ்சு காட்டினவர்கள்ல முக்கியமானவர் வால்டர் ஏடி. அமெரிக்காவுல ஸ்மித்சோனியன் நிறுவனத்துல வேலை பார்த்த பாசி ஆராய்ச்சியாளர்.

இந்த அறையை ஏன் வலது ஓரத்துல தனியா வைக்கச் சொன்னேன்? நிறைய பேர் ஸ்கிம்மருக்கும் பம்ப்புக்கும் நடுவுல வரிசையா வைப்பாங்க. அப்ப மொத்தத் தண்ணியும் பாசி வழியா வேகமாப் போகும், பிஞ்ச பாசி நேரா பம்ப்ல போய்ச் சிக்கும். மேல இருந்து இறங்குற குழாய்ல ஒரு டீ போட்டு, கேட் வால்வ் வெச்சு, கொஞ்சம் தண்ணியை மட்டும் ரெஃப்யூஜியத்துக்குத் திருப்பினா வேகத்தை நீங்களே கட்டுப்படுத்தலாம். குட்டி உயிர்களும் ஸ்கிம்மர்ல மாட்டாம நேரா பம்ப் அறைக்குப் போகும். அடியில மணல் போடணுமான்னு சண்டையே நடக்கும். என்னோட ஓட்டு, வேண்டாம். வெறும் கண்ணாடின்னா அழுக்கு உறிஞ்சி எடுக்க சுலபம்.

லைட்டை ராத்திரி எரியவிடுங்க. பகல்ல மேல தொட்டி லைட்ல பாசிகள் கார்பன் டை ஆக்சைடை இழுக்கும், பி.எச். ஏறும். ராத்திரி லைட் அணைஞ்சா எல்லாம் மூச்சுதான் விடும், பி.எச். இறங்கும். கீழ ராத்திரி லைட் எரிஞ்சா அந்த இறக்கம் குறையும். கதவை மூடி ஏசி போட்டுத் தூங்குற ரூம்ல தொட்டி இருந்தா இது இன்னும் முக்கியம், ஏன்னா நீங்க விடுற மூச்சும் அதே காத்துலதான் இருக்கு. இன்னொரு லாபம், லைட்டோட சூடு பகல் வெயிலோட சேராது.

வெயில்னு சொன்னதும் வர்றேன். கத்திரி வெயில்ல நம்ம ஊர் 40 டிகிரியைத் தொடும். தொட்டித் தண்ணி 25-ல இருந்து 27-க்குள்ள இருக்கணும். சில்லர் வாங்க முடிஞ்சா வாங்குங்க. முடியாதவங்களுக்கு நம்ம பானைத் தண்ணி தத்துவம் இருக்கு. சம்ப் மேல ஒரு சின்ன ஃபேன். 1 லிட்டர் தண்ணி ஆவியாகிப் போனா, 300 லிட்டர் தண்ணியைக் கிட்டத்தட்ட 2 டிகிரி குளிர வைக்கிற அளவு சூட்டை எடுத்துட்டுப் போகும். சென்னையில புழுக்கம், அங்க இது பாதிதான் வேலை செய்யும். நம்ம வறண்ட காத்துக்கு நல்லாவே செய்யும்.

ஆனா ஆவியாகிறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளயேதான் இருக்கும். அதனால குறையுற அளவுக்கு நல்ல தண்ணி, ஆர்.ஓ. தண்ணி ஊத்தணும். உப்புத் தண்ணி ஊத்துனா உப்பு ஏறிட்டே போகும். தடுப்புகள் இருக்கிறதால மத்த அறைகள்ல மட்டம் மாறாது, குறையுறது முழுக்க ரிட்டர்ன் அறையிலதான் தெரியும். தானா தண்ணி விடுற ஆட்டோ டாப்-ஆஃப் சென்சரை அங்கதான் மாட்டணும். அதோட வாளி சின்னதா இருக்கட்டும். சென்சர் மக்கர் பண்ணி மொத்த வாளியும் கொட்டினாலும் சம்ப் வழியாம, உப்பு அளவு சரிஞ்சிடாம இருக்கணும். 10 லிட்டர் போதும். ஊருக்குப் போறப்ப பக்கத்து வீட்டுத் தம்பிகிட்ட சாவி கொடுங்க, 50 லிட்டர் டிரம் வைக்காதீங்க.

கரண்ட் இல்லாதப்ப இன்வெர்ட்டர்ல எதைப் போடுறது? ஸ்கிம்மரோ லைட்டோ இல்ல. மேல தொட்டியில தண்ணி மேற்பரப்பைக் கலக்குற ஒரு வேவ்மேக்கர். மீனுக்கு முதல்ல போறது ஆக்சிஜன்தான். வீட்டு இன்வெர்ட்டர்ல 150 ஆம்பியர் பேட்டரி இருந்தா, பாதிதான் தேறும்னு வெச்சாலும் 900 வாட்-அவர். 20 வாட் வேவ்மேக்கரை அது ஒரு நாள் முழுக்க ஓட்டும், வீட்டுல வேற ஃபேன் எதுவும் ஓடலைன்னா. ஓடத்தான் செய்யும், அதனால பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு தனியா வாங்கி வைங்க.

இப்ப கொஞ்சம் சீரியஸா ஒரு விஷயம். ரெஃப்யூஜியத்துக்குள்ள என்ன போடுறதுன்னு கடையில கேட்டா, உயிர்ப் பாறை, கடல் அட்டைன்னு சொல்லுவாங்க. வேண்டாம். 2001-லயே பவளப்பாறை கட்டுற எல்லா கல் பவளங்களும், கடல் விசிறியும், கடல் அட்டையும், கடல் குதிரையும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணைக்குள்ள வந்தாச்சு. புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. "செத்த பவளம்தானே சார்"னு கடைக்காரர் சொன்னாலும் சட்டத்துக்கு அது பவளம்தான். அப்ப நம்ம ஊர்ல ரீஃப் டேங்க்னா? சிமென்ட்லயோ செராமிக்லயோ செஞ்ச பாறை, பண்ணையில பொரிச்ச மீன், பாசி. இவ்வளவு வெச்சே அழகாப் பண்ணலாம். கோமாளி மீனைப் பண்ணையில பொரிக்க வைக்கிற தொழில்நுட்பத்தை மண்டபத்துல இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், அதாவது சி.எம்.எஃப்.ஆர்.ஐ. மையமே உருவாக்கி வெச்சிருக்கு. பண்ணை மீனான்னு கேட்டு, பில்லோட வாங்குங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, அந்தக் கடல் நமக்கு ரொம்பத் தூரம் இல்ல. மதுரையில காலையில பஸ் ஏறினா மதியத்துக்குள்ள மண்டபம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுல 21 தீவுன்னு பாடப்புத்தகத்துல படிச்சோம். அதுல பூவரசன்பட்டி, விலங்குச்சல்லின்னு ரெண்டு தீவு இப்ப தண்ணிக்கு அடியில. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததுல அலையைத் தடுக்க ஆள் இல்லாமப் போனதுதான் அதுக்குச் சொல்ற முக்கியமான காரணம்.

பாசியிலயும் இதே கவனம் வேணும். ரெஃப்யூஜியத்துக்கு நான் சொல்றது கீட்டோமார்ஃபா, நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும், எதுலயும் ஒட்டாது. காலர்பா பார்க்க அழகு, ஆனா சில நேரம் இனப்பெருக்கத்துக்காக ஒரே ராத்திரியில மொத்தமாக் கரைஞ்சு, தண்ணியைப் பால் மாதிரி ஆக்கிடும். அது உறிஞ்சி வெச்ச அழுக்கெல்லாம் திரும்பத் தண்ணியில. கீட்டோவும் தானா எதையும் வெளிய அனுப்பாது. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நீங்க மூணுல ஒரு பங்கை அள்ளி எடுத்தாத்தான் நைட்ரேட் வீட்டை விட்டுப் போகுது.

அள்ளின பாசியை எங்க போடுறது? 1984-ல மொனாக்கோவுல, கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழ கடலடியில ஒரு சின்னத் திட்டா காலர்பா டாக்ஸிஃபோலியா தென்பட்டுச்சு. அக்வேரியத்துல வளர்த்த பாசி. அங்க இருந்து மத்தியத்தரைக் கடல்ல பல நாட்டுக் கரைக்குப் பரவிடுச்சு. நம்ம பக்கத்துலயும் ஒரு கதை இருக்கு. மண்டபம் பகுதியில வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ்ங்கிற வெளிநாட்டுப் பாசி, குருசடைத் தீவுக்கிட்ட பவளங்கள் மேல படர்ந்து மூடுறதை 2008-ல கரண்ட் சயின்ஸ் இதழ்ல ஆய்வாளர்கள் பதிவு பண்ணினாங்க.

மதுரையில நம்ம வீட்டுச் சாக்கடையில போட்டா அது கடல் வரைக்கும் உயிரோட போய்ச் சேர வாய்ப்பு கம்மிதான். ஆனா இதைக் கேட்கிறவங்கள்ல தூத்துக்குடி, ராமநாதபுரம் ஆளுங்களும் இருக்கீங்க. ஊருக்குப் போறப்ப "கடல்லயே விட்டுடலாம்"னு மீனையோ பாசியையோ எடுத்துட்டுப் போற பழக்கமும் இருக்கு. அது எதுவும் வேண்டாம். அள்ளின பாசியை நல்ல தண்ணியில ஒரு நாள் ஊறவெச்சு, மொட்டைமாடியில ஒரு தாம்பாளத்துல பரப்புங்க. வத்தல் காயற வெயில்ல ரெண்டு நாள்ல மொறுமொறுன்னு ஆயிடும். அப்புறம் குப்பையில போடுங்க. உப்பு இருக்கும், செடிக்கு உரமாப் போட்டுடாதீங்க.

உங்க தொட்டி அளவு, நாசில் ஆழம், சம்ப் அளவு மூணையும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அஞ்சு பேரோட கணக்கை எடுத்து, எத்தனை லிட்டர் இறங்குது, சம்ப் தாங்குதான்னு போட்டுப் பார்ப்போம்.